உறக்கத்தில்தான் புற்று பரவுகிறது என்று அஞ்சும் சகோதரிக்கு

கஞ்சமலை அடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து 44 வயதான ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

நூற்பு மில் ஒன்றின் ரிங் ஃபிரேம் பிரிவில் 17 ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். ஒரு வாரம் பகல், மறு வாரம் அரை நைட், அதற்கடுத்த வாரம் முழு நைட் என்று ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். முழு நைட் வாரங்களில் காலையில் வீடு திரும்பி, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சிமெண்ட் ஷீட் கூரையின் வெக்கையில் நான்கு மணி நேரம் கண்ணயர்ந்தால் அதுவே அதிகம். ஆடி மாதத்தில் அதுவும் கிடையாது. தெருவுக்குத் தெரு மாரியம்மன் பண்டிகை, ஒலிபெருக்கி. ஒன்றரை ஆண்டுக்கு முன் இடது மார்பில் கட்டி தென்பட்டது. இரண்டாம் நிலைப் புற்றுநோய் என்று உறுதியாகி, சேலத்தில் அறுவை சிகிச்சை, கீமோ, கரண்ட் வைப்பது எனப்படும் கதிர்வீச்சு என்று எல்லாச் சிகிச்சையையும் முடித்துவிட்டார். ஹார்மோனால் வளரும் வகை என்பதால் இப்போது தினமும் டமாக்சிஃபென் மாத்திரை எடுத்துக்கொள்கிறார்.

இரவில் கண் விழித்து உடம்பைக் கெடுத்துக்கொண்டதால்தான் இந்த நோய் வந்தது என்று நாத்தனார் சொல்லிக்கொண்டே இருக்கிறாராம். ஷிப்டுக்குத் திரும்பாவிட்டால் கணக்கை முடித்துக்கொள்ளுங்கள் என்கிறார் மில் மேற்பார்வையாளர். கல்லூரியில் படிக்கும் மகளின் கைபேசியில், மார்பகப் புற்றுநோய் தூங்கும்போதுதான் உடலெங்கும் பரவுகிறது என்ற செய்தி வந்திருக்கிறது. அதைப் பார்த்த நாளிலிருந்து இரவு 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, விளக்கைப் போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார். தூக்கத்துக்காக உறவினர் ஒருவர் இணையத்தில் வாங்கிக் கொடுத்த மெலடோனின் மாத்திரை பிரிக்கப்படாமல் இருக்கிறது. "நான் தூங்கலாமா, கூடாதா?" என்பதே கடிதத்தின் கடைசி வரி.

அன்புள்ள சகோதரி, தூங்கலாம். தூங்க வேண்டும். இன்று இரவே அந்த அலாரத்தை நீக்கிவிடுங்கள். மற்றக் கேள்விகளுக்கெல்லாம் நிதானமாகப் பதில் தேடலாம். இது ஒன்று மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டியதில்லை. நீங்கள் பார்த்த செய்தி பொய்யில்லை. ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்ட முடிவுக்கு அந்த ஆய்வில் இடமே இல்லை. அதனால் ஆய்வு சொன்னது என்ன என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

அந்த ஆய்வு சொன்னதும் சொல்லாததும்

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரிலுள்ள ஈடிஹெச் பல்கலைக்கழகத்தின் நிக்கோலா அசேட்டோவும் அவருடைய குழுவினரும் 2022ஆம் ஆண்டு நேச்சர் ஆய்விதழில் இதை வெளியிட்டார்கள். மார்பகப் புற்றுநோய் உள்ள 30 பெண்களிடம் அதிகாலை 4 மணிக்கு ஒரு முறையும் காலை 10 மணிக்கு ஒரு முறையும் ரத்தம் எடுத்து, கட்டியிலிருந்து பிரிந்து ரத்தத்தில் மிதக்கும் புற்று செல்களை எண்ணினார்கள். கிடைத்த செல்களில் ஏறத்தாழ 78 சதவீதம் அதிகாலை ரத்தத்தில் இருந்தன. ஓய்வு நேரத்தில் வெளியேறிய செல்களை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது அவை வேறு உறுப்புகளில் வேரூன்றும் திறன் கூடியவையாகவும் இருந்தன. எலிகள் பகலில் உறங்குபவை. அவற்றின் உடலில் இந்தச் செல்கள் பகலில்தான் பெருகியிருந்தன. புற்று செல்கள் கட்டியிலிருந்து வெளியேறுவதில் உறக்கமும் விழிப்பும் நாள்தோறும் மாறி மாறி வரும் உடலின் நாள் ஒழுங்குக்கும் அதோடு ஏறி இறங்கும் ஹார்மோன்களுக்கும் பங்கு உண்டு என்பதுதான் இந்த ஆய்வின் கண்டுபிடிப்பு. முக்கியமான கண்டுபிடிப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் கண் விழித்திருந்தால் அந்தச் செல்கள் வெளியேறாது என்று அது காட்டவில்லை. விழித்திருந்த பெண்களையும் உறங்கிய பெண்களையும் ஒப்பிட்டு, விழித்திருந்தவர்களுக்கு நோய் குறைவாகப் பரவியது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும் நேரத்தையும் சிகிச்சை கொடுக்கும் நேரத்தையும் மருத்துவர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும் என்பதே ஆய்வாளர்கள் எடுத்துரைத்த பாடம். தவிர, ரத்தத்தில் மிதக்கும் இந்தச் செல்கள் கட்டியிலிருந்து பிரிந்து வருபவை. உங்கள் கட்டி அகற்றப்பட்டுவிட்டது. கண்ணுக்குத் தெரியாமல் ஏதேனும் மிஞ்சியிருந்தால் அதை அடக்கத்தான் கீமோவும் கதிர்வீச்சும் நடந்தன. டமாக்சிஃபென் இப்போதும் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. ரத்தத்தில் இறங்கும் புற்று செல்களில் மிகப் பெரும்பாலானவை எங்கும் ஒட்டாமல் மடிந்துபோகின்றன என்பதையும் சேர்த்து மனத்தில் வையுங்கள்.

மறுபக்கத்தில், நாள் ஒழுங்கு குலைவதே நோயாளிக்குப் பாதகம் என்பதைக் காட்டும் ஆய்வுகள் பல உண்டு. நோய் பரவிய நிலையிலிருந்த 104 பெண்களின் உமிழ்நீரில் கார்டிசால் ஹார்மோனை அளந்து, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டு ஒரு முடிவை வெளியிட்டார்கள். காலையில் உயர்ந்து மாலையில் தணிய வேண்டிய அந்த ஹார்மோன் யாருக்கெல்லாம் ஏற்ற இறக்கமின்றித் தட்டையாகிப்போனதோ அவர்கள் விரைவில் இறந்தார்கள். மணிக்கட்டில் கட்டும் கருவியால் 97 பெண்களின் உறக்கத்தை அளந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், இடையில் அதிகம் விழிக்காமல் உறங்கியவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்திருந்தார்கள். நோய் முற்றியதால் தூக்கம் கெட்டதா, தூக்கம் கெட்டதால் நோய் முற்றியதா என்பதை இவ்வகை ஆய்வுகளால் முழுமையாகப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் தூக்கத்தைத் தவிர்த்தால் நன்மை என்று சொல்லும் ஓர் ஆய்வைக்கூட நான் கண்டதில்லை.

விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அது பற்றியும் ஒரு சொல். 2014இல் அமெரிக்காவின் டுலேன் பல்கலைக்கழகத்தில், மனித மார்பகப் புற்றுக் கட்டியைத் தாங்கிய எலிகளை இரவில் மங்கலான வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். இருட்டில் உடல் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் அடங்கிப்போய், கட்டி டமாக்சிஃபெனுக்குக் கட்டுப்படாமல் வளர்ந்தது. மெலடோனினை ஈடுசெய்தபோது மருந்து மீண்டும் வேலை செய்தது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குச் சொல்லிவிட முடியாது. இத்தனை நாள் விளக்கெரிய உட்கார்ந்திருந்ததால் உங்கள் மாத்திரை வீணாகிவிட்டது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். அந்த மாத்திரையின் பலன் பல்லாயிரம் பெண்களிடம் நிரூபிக்கப்பட்டது. இருட்டில் உறங்குவதற்குச் செலவும் இல்லை, பக்கவிளைவும் இல்லை. அதற்காகவே இதைச் சொல்கிறேன்.

உடலின் கடிகாரம் எங்கே இருக்கிறது

கண்களுக்குப் பின்னால், மூளையின் அடிப்பகுதியில், ஏறத்தாழ 20,000 நரம்பு செல்கள் கொண்ட ஒரு சிறு பகுதி இருக்கிறது. விழித்திரையிலிருந்து வெளிச்சத்தின் செய்தி அங்கே போய்ச் சேருகிறது. கல்லீரல், குடல், மார்பகம் என்று ஒவ்வோர் உறுப்பின் செல்லுக்குள்ளும் தனித்தனியே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, மில் சங்கு ஒலித்ததும் எல்லாப் பிரிவுகளும் ஷிப்ட் மாற்றுவதுபோல, மூளையின் இந்தப் பகுதிதான் அவை அனைத்தையும் ஒரே நேரத்துக்கு இழுத்துப் பிடிக்கிறது. செல்லுக்குள் அந்தக் கடிகாரம் இயங்கும் விதத்தை ஈக்களில் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. செல் எப்போது பிளவுபட வேண்டும், சேதமடைந்த மரபணுவை எப்போது பழுதுபார்க்க வேண்டும் என்பதிலும் இந்தக் கடிகாரத்துக்குப் பங்கு உண்டு. பிரான்சில் ஃபிரான்சிஸ் லெவியும் சகாக்களும் எலிகளின் மூளையில் இந்தப் பகுதியை அழித்துப் பார்த்தபோது கட்டிகள் வேகமாக வளர்ந்தன. 2002இல் அதை வெளியிட்டார்கள். கடிகார மரபணுக்கள் பழுதான எலிகளில் நுரையீரல் புற்று விரைந்து வளர்வதை 2016இல் வேறொரு குழு காட்டியது. கடிகாரம் குலைவதற்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்று மருத்துவர்களாகிய நாங்கள் கருதுவதற்கு இவையெல்லாம் அடிப்படை.

இரவு ஷிப்ட்தான் காரணமா

உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, உடல் ஒழுங்கைக் குலைக்கும் ஷிப்ட் வேலையைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் 2007இல் சேர்த்தது; 2019இல் மீண்டும் ஆராய்ந்து அதையே உறுதிசெய்தது. புகையிலையும் பாக்கும் இருப்பது வேறு பட்டியல். அங்கே ஐயத்துக்கே இடமில்லை. இரவுப் பணியைப் பொறுத்தவரை, விலங்குகளில் சான்று போதுமானது, மனிதர்களில் சான்று குறைவு என்பதே முகமையின் நிலை.

குறைவு என்று அது சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கச் செவிலியர்களிடம் நடந்து 2001இல் வெளியான பெரிய ஆய்வில், 30 ஆண்டுகளுக்கு மேல் மாறி மாறி இரவுப் பணி பார்த்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 36 சதவீதம் கூடியிருந்தது. பிரிட்டனில் 2016இல் வெளியான ஆய்வு, பத்து ஆய்வுகளில் பங்கேற்ற ஏறத்தாழ 14 லட்சம் பெண்களின் தகவல்களைத் தொகுத்துப் பார்த்து, இரவுப் பணி பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் வேறுபாடே இல்லை என்றது. அந்தத் தொகுப்பில் பலர் வயதானவர்கள், இரவுப் பணியை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவர்கள் என்ற மறுப்பும் எழுந்தது. இளம் வயதிலேயே தொடங்கி நெடுங்காலம் இரவுப் பணி பார்த்தவர்களிடம் அபாயம் சற்றுக் கூடுகிறது என்பது இப்போதைக்கு நியாயமான கணிப்பு என்று நான் நினைக்கிறேன். நீண்ட காலம் இரவுப் பணி பார்த்து மார்பகப் புற்றுநோய்க்கு ஆளான பெண்கள் சிலருக்கு டென்மார்க் அரசு இழப்பீடே வழங்கியிருக்கிறது.

ஆகவே உங்கள் நாத்தனார் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கலாம். ஆனால் உங்கள் உடலில் வந்த இந்த ஒரு கட்டி எதனால் வந்தது என்று எந்த மருத்துவராலும் எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. வயது, மாதவிடாய் தொடங்கிய வயது, முதல் குழந்தை பிறந்த வயது, உடல் எடை, பரம்பரை என்று பலவும் சேர்ந்து வருவது இது. இரவுப் பணியே பார்க்காத எத்தனையோ பெண்களுக்கு இதே நோய்க்கு நாங்கள் சிகிச்சை அளிக்கிறோம். இரவில் கண் விழித்தது நீங்களாகத் தேடிப்போன கேடும் இல்லை. அந்தச் சம்பளத்தில்தான் உங்கள் பிள்ளைகள் படித்தார்கள். உடம்பைக் கெடுத்துக்கொண்டாய் என்று ஒரு நோயாளியிடம் சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது. நாத்தனாரிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள்.

மெலடோனின் மாத்திரை

பிரிக்காமலே வைத்திருங்கள். இருட்டில் உடலே சுரக்கும் ஹார்மோன் என்பதால் தீங்கற்றது என்று பலரும் நினைக்கிறார்கள். வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளும் மெலடோனின் மார்பகப் புற்றுநோய் திரும்புவதைத் தடுக்கும் என்பதற்கு மனிதர்களில் உறுதியான சான்று இல்லை. இணையத்தில் விற்பவற்றில் அட்டையில் குறித்த அளவுக்கும் உள்ளே இருப்பதற்கும் வேறுபாடு இருப்பதுண்டு. தூக்கத்துக்காக அது தேவையா என்பதை உங்கள் புற்றுநோய் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. டமாக்சிஃபென் எடுக்கும்போது திடீரென்று உடல் கொதித்து வியர்த்து விழிப்பு வருவது வழக்கம். உங்களுக்கும் அது இருக்கக்கூடும். அதற்கும் தூக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் வேறு மருத்துவரிடம் போனால், நீங்கள் டமாக்சிஃபென் எடுப்பதை முதலில் சொல்லுங்கள். பராக்சிடின், ஃபுளுவாக்சிடின் போன்ற சில மாத்திரைகள் டமாக்சிஃபென் உடலில் முழுமையாகச் செயல்படுவதைக் குறைத்துவிடும். அந்தக் குறை இல்லாத மாற்று மருந்துகள் இருக்கின்றன.

தூக்கத்தை மீட்பதற்கு மாத்திரைக்கு முன்னால் செய்ய வேண்டியவை உண்டு. எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழும் நேரத்தை ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். எழுந்ததும் அரை மணி நேரம் வெளிச்சத்தில் நடந்துவிட்டு வாருங்கள். உடல் கடிகாரத்தைச் சரிசெய்ய அதைவிடச் சிறந்த மருந்து இல்லை. மதியத்துக்குமேல் டீ, காபி வேண்டாம். இரவில் விழிப்பு வந்து தூக்கம் திரும்பாவிட்டால் படுக்கையில் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் சற்று உட்கார்ந்துவிட்டு, கண் சொருகும்போது படுக்கைக்குத் திரும்புங்கள், கைபேசியைத் தொடாதீர்கள். சில வாரங்களாகத் தூக்கத்துக்கே பயந்துவிட்ட மனம் ஒரே நாளில் இணங்காது. நான்கைந்து வாரத்தில் தேறாவிட்டால், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். போக முடியாத நாளில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. புற்றுநோய் திரும்பிவிடுமோ என்ற பயம் சிகிச்சை முடித்த பெரும்பாலானோருக்கு வருவது. அதற்கும் சிகிச்சை உண்டு.

மில்லுக்குத் திரும்புவது பற்றி

இதில் உங்கள் மேற்பார்வையாளரும் நீங்களும் ஆளுக்கொரு பக்கம் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். மீண்டும் ஷிப்டுக்குப் போனால் நோய் நிச்சயம் திரும்பும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் சொல்லச் சான்று இல்லை. ஷிப்ட் அல்லது கணக்கு முடிப்பு என்ற இரண்டே வழிதான் என்கிறார் அவர், அதுவும் சரியில்லை.

வேலையை விட வேண்டாம் என்பது என் முதல் ஆலோசனை. உங்களுக்கு இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டு அட்டை இருப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். சாதாரண நோய்க்கால உதவித்தொகை ஆண்டில் 91 நாள்வரை, சம்பளத்தில் 70 சதவீதம். புற்றுநோய் நீண்டகால நோய்களின் பட்டியலில் இருப்பதால், இரண்டு ஆண்டாவது தொடர்ந்து காப்பீட்டில் இருந்து சந்தா நிபந்தனையையும் நிறைவு செய்தவர்களுக்கு 80 சதவீத அளவில் இரண்டு ஆண்டுவரை நீட்டித்த உதவித்தொகை பெற வழி உண்டு. நீங்கள் இதில் எவ்வளவு பெற்றிருக்கிறீர்கள், எவ்வளவு மிச்சம் என்பதை இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கை முடித்துக்கொண்டால் இந்தப் பாதுகாப்பு கைநழுவிப்போகும் என்பதால்தான் அவசரப்பட்டு எதிலும் கையெழுத்திட வேண்டாம் என்கிறேன்.

பகல் பணி கேட்பதற்கு உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் ஒரு சான்றிதழ் வாங்குங்கள். இரவுப் பணியால் நோய் வந்தது என்று அதில் எழுதச் சொல்லாதீர்கள்; மருத்துவரால் அதை உறுதியாக எழுத முடியாது, நிர்வாகமும் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வாதாடும். தூக்கமின்மை, சிகிச்சைக்குப் பின் நீடிக்கும் அசதி, அக்குளில் நெறிக்கட்டி எடுத்திருந்தால் இடது கையில் பளு தூக்குவதற்கான கட்டுப்பாடு, இவற்றின் காரணமாகப் பகல் நேர இலகு பணிக்குத் தகுதியானவர் என்று எழுதினால் அது மறுக்க முடியாத மருத்துவ உண்மையாக நிற்கும். தவிர, மாலை 7 மணிக்குப் பின்னும் காலை 6 மணிக்கு முன்னும் பெண்களை வேலைக்கு வைக்க அவர்களுடைய சம்மதம் வேண்டும் என்று பணிப் பாதுகாப்பு தொடர்பான 2020ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. இதன் நுணுக்கங்களைத் தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் துறை அலுவலகத்திலோ கேட்டறியுங்கள். மில்லுக்குக் கொடுக்கும் எந்த மனுவுக்கும் நகலும் ஒப்புதல் கையெழுத்தும் பெறுங்கள்.

எல்லாம் முயன்றும் பகல் பணி கிடைக்காமல், குடும்பத்துக்கு அந்தச் சம்பளம் இல்லாமல் முடியாது என்றானால், போங்கள். குற்ற உணர்ச்சியோடு போக வேண்டாம். முழு நைட்டை மட்டுமாவது தவிர்க்க முடியுமா என்று கேளுங்கள். அரை நைட் முடிந்து நள்ளிரவில் வீட்டுக்கு வந்தால் காலைவரை இருட்டில் உறங்கலாம். முழு நைட் தவிர்க்க முடியாவிட்டால், பகல், அரை நைட், முழு நைட் என்ற வரிசையிலேயே ஷிப்ட் நகரட்டும். பின்னோக்கி மாறுவது உடலுக்குக் கடினம். வந்ததும் முதலில் தூங்குங்கள், சமையலைப் பிள்ளைகளும் கணவரும் பார்த்துக்கொள்ளட்டும். சன்னலுக்குக் கறுப்புத் துணி போடுங்கள். டமாக்சிஃபெனை எந்த ஷிப்டாக இருந்தாலும் தவறவிடாத ஒரு நேரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தங்கையும் மகளும்

அதே மில்லில் இருக்கும் தங்கை வேலையை விட வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஷிப்டைவிட முக்கியமான செய்தி ஒன்று அவருக்கு இருக்கிறது. உங்களுக்கு 50 வயதுக்கு முன்பே நோய் வந்ததால், மரபணு ஆலோசனை தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டும். முடிவைப் பொறுத்துத் தங்கைக்கும் மகளுக்கும் எந்த வயதில் என்ன பரிசோதனை என்பது தீர்மானமாகும். தங்கை இதற்காகக் காத்திருக்காமல் ஒரு முறை மருத்துவரிடம் மார்பகப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மூன்றைக் கேட்டு வாருங்கள்: பகல் பணிக்கான சான்றிதழ், மரபணு ஆலோசனை, ஆண்டுக்கு ஒரு முறை எடுக்க வேண்டிய மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயின் தேதி. அறிகுறி ஏதும் இல்லாதபோது பயத்துக்காக ஸ்கேன்களை எடுத்துக் குவிக்க வேண்டாம். ஆனால் விட்டுப்போகாத எலும்பு வலி, மூச்சுத் திணறல், புதிய கட்டி, வழக்கத்துக்கு மாறான மாதவிடாய்ப் போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் ஆகியவற்றில் எது வந்தாலும் அந்தத் தேதிவரை காத்திருக்க வேண்டாம். கடைசி இரண்டும் டமாக்சிஃபெனால் வரக்கூடியவை. திடீரென்று வரும் மூச்சுத் திணறலுக்கும் கால் வீக்கத்துக்கும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.